ஹெனியா மட்டும் நோயாளி

பெற்ற மகளின் கல்யாணத்தைத் தன் வாயாலேயே கெடுத்தவள் என்று ஹெனியாவைச் சொல்கிறார்கள். யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். அன்றைக்கு யூத ஜெபக்கூடத்தில் பெண்களுக்கான மாடியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும் சொல்லக் கூடாது.

நகராட்சியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தாள். ஜெருசலேமில் எங்கள் சந்துக்கென்று பெண்களுக்கு ஒரு கிளினிக் வைக்கலாமா, இங்கே யாருக்கு என்ன நோய் என்று கேட்டாள்.

"கடவுள் புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றாள் பக்கத்து வீட்டு ரெய்ஸெல். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நோய் இருக்கும் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? கல்யாணத் தரகர் முதலில் விசாரிப்பதே அதைத்தானே.

ஹெனியா ரெய்ஸெலைத் திரும்பிப் பார்த்தாள். போன மாதம் மார்புக் கட்டியைக் காட்ட, தெரிந்தவர் கண்ணில் படாமல் ஹைஃபா நகர ஆஸ்பத்திரி வரைக்கும் பஸ் ஏறிப் போயிருந்தாள். அங்கே அவள் போய் உட்கார்ந்த அதே பெஞ்சில் ரெய்ஸெல். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஹெனியாவின் அக்கா இப்படி மறைத்து மறைத்தே செத்தவள்.

ஹெனியா எழுந்தாள். "எனக்கு மார்புல புத்துநோய். எங்க அக்காவும் அதுலதான் போனா. கிளினிக் வேணும்."

ரெய்ஸெலின் பெயரை அவள் எடுக்கவே இல்லை. எடுத்திருக்கலாம்.

அந்த வாரமே, மகள் ஷிஃப்ராவுக்கு நிச்சயமாகியிருந்த இடம் தட்டிப்போயிற்று. கிளினிக்கும் வரவில்லை. ஒரே ஒரு நோயாளிக்காக யார் வைப்பார்கள்?

"தலை சுத்துச்சு, ஏதோ உளறிட்டேன்னு எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு வா" என்றாள் மாமியார்.

"பொய் சொன்னவங்க யாரும் வந்து சொல்லலையே அத்தை."

"உனக்கு மக பெரிசா, கிளினிக் பெரிசா?"

"என் மகளுக்கும் மார்பு இருக்கு அத்தை."

புருஷன் ஃபிஷெல் வேதப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஷிஃப்ரா அம்மாவோடு பேச்சையே நிறுத்தியிருந்தாள்.

ஆபரேஷனுக்குக் கிளம்பும் அன்று, "பின்படி வழியா இறங்கிப் போ. பையைத் தூக்கிட்டு முன்வாசல்ல போனா, திரும்பி இங்க வராதே" என்றாள் மாமியார்.

ஹெனியா நைட்டியையும் துண்டையும் பையில் திணித்தாள். ஷிஃப்ராவின் அறைக் கதவைத் தட்டிப் பார்த்தாள். திறக்கவில்லை. பட்டப்பகலில் முன்வாசலில் இறங்கினாள். ரெய்ஸெல் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்ன ஹெனியா, தங்கச்சி வீட்டுக்கா?"

"ஆஸ்பத்திரிக்கு. நீயும் வர்றியாக்கா?"

ரெய்ஸெல் ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹெனியாவின் முதுகுக்குப் பின்னால் அவளுடைய சொந்த வீட்டுக் கதவையும் யாரோ சாத்தினார்கள்.