ரிதம் பாய்ஸின் ஒரே ரசிகர்

கட்டிய புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்பார்கள். எழுதக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆகவே எழுதுகிறேன்: என் வீட்டுக்காரர் பெயர் தம்பிராஜா. எங்கள் ஊர் கஜா பெராங்கில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதி வருவது அவர் வேலை. பதினாறு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூடத் தப்பாகப் பார்த்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். யாரும் கேட்காமலே சொல்வார்.

அவருக்குக் குடி இல்லை, சூதாட்டம் இல்லை. அதற்கெல்லாம் சேர்த்து ‘கஜா பெராங் ரிதம் பாய்ஸ்’ இருந்தது. மூன்று பேர் கொண்ட வாத்தியக் குழு. மூவருமே முப்பதைத் தாண்டியவர்கள், அதில் என்ன பாய்ஸோ எனக்குத் தெரியாது. பஸ் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி ஜெயபாலன் கிட்டார் அடித்துக்கொண்டே பாடுவான். பண்டார் ஹிலிரில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் கய்யூம் அக்கார்டியன் வாசிப்பார். மூன்றாவது ஆள் டிரம் அடிப்பான். மற்ற இருவரும் என்ன செய்கிறார்கள் என்று அவன் கவனித்து நான் பார்த்ததில்லை.

கோயில் திருவிழாவில் இவர்கள் மேடை ஏறினால் ஜனங்கள் கோப்பி குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் உட்கார்ந்திருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் கை தட்டுவார். பக்கத்தில் நான் வேறு உட்கார வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்னும்.

மெர்டேகா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அவர்கள் இரண்டு பாட்டை ரெக்கார்டு பண்ணினார்கள். வாங்கியவர் இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து, சிங்கப்பூருக்குப் போய் நாலு பாட்டுடன் புது ரெக்கார்டு போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஜெயபாலன் அதை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

“அண்ணே, ஞாயித்துக்கிழம வரைக்கும் நல்லா கேளுங்க. நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா பாடுறோம். இல்லன்னா கிட்டார வித்துட்டு, பத்து பெரெண்டாம் ஊர்ல மச்சான்கூட கோழி வளக்கப் போயிடுறேன். எனக்கும் அலுத்துப் போச்சு.”

“என்ன தம்பி இப்படிப் பேசுற?” என்றார் இவர்.

“வேற யாரு கேக்குறா? நீங்க ஒரு ஆளுதானே?”

அவன் போனபிறகு இவர் பாட்டுப் பெட்டியைத் துடைத்தார். எங்கள் கிராமபோன் இவருடைய அப்பா காலத்தது, சாவி கொடுத்தால் ஓடும். ரெக்கார்டு வழக்கத்தைவிடச் சின்னதாக, மெல்லிசாக இருந்தது. நடுவில் 45 என்று போட்டிருந்தது. எண்ணைப் பார்த்தால் இவர் விடமாட்டாரே, நின்று படித்தார்.

“நாப்பத்தஞ்சாவது ரெக்கார்டு போல. கம்பெனிக்காரன் வரிசையா நம்பர் போடுவான்” என்று எனக்கு விளக்கம் வேறு.

முள்ளை வைத்தார். நிலாவைப் பார்த்து ஏங்குகிற பாட்டாம். ஏங்க எங்கே நேரம்? நாய் துரத்துகிற மாதிரி ஓடியது. பாடியது ஒரு சின்னப் பெண் குரல், அதுவும் யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்ட மாதிரி. பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டும் நான் ஊற்றி வைத்த கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டன.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“பாக்கியம், இத நல்லா இருக்குன்னு எப்படிச் சொல்றது?”

“நல்லா இல்லன்னு சொல்லிடுங்க.”

“சொன்னா கோழி வளக்கப் போயிடுவான்.”

“கோழியாவது முட்ட போடும்.”

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாதவர் அந்த ரெக்கார்டையாவது நிறுத்தியிருக்கலாம். விடியற்காலை பசியாறும்போது ஓடும், வேலை முடிந்து வந்தால் ஓடும். என் காது புளித்துப் போனது. வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், காலால் தாளம் போடுகிறார். சனிக்கிழமை மீட்டர் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் செய்தி பரப்பிவிட்டு வந்திருந்தார்: ரிதம் பாய்ஸ் பழைய பாணியை விட்டுவிட்டார்கள், இது புது வேகம், புது நாட்டுக்கு ஏற்ற இசை, கேட்டால் உடம்பு தானாக ஆடும். எனக்கு வயிற்றெரிச்சல். அதைவிட வயிற்றெரிச்சல், சட்டி கழுவும்போது நானே அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெயபாலனும் கய்யூமும் வந்தார்கள். ஜெயபாலன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பிரமாதம் தம்பி. முதல்ல எனக்குப் புரியல. அப்புறம்தான் பிடிபட்டுச்சு. அந்த வேகம் இருக்கே, யாருக்கு வரும்? அதுலயும் அந்தப் பொண்ணு என்னமா பாடுது. எங்க பிடிச்சீங்க?”

“எந்தப் பொண்ணு?”

“நாலு பாட்டும் பாடுதே, அந்தப் பொண்ணுதான்.”

“நாலும் நான்தானேண்ணே பாடுனேன்” என்றான் ஜெயபாலன்.

இவர் எழுந்து போய் ரெக்கார்டைப் போட்டுக் காட்டினார். ஜெயபாலன் தன் குரலைக் கேட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டான். கய்யூம் குனிந்து பெட்டியைப் பார்த்தார், ரெக்கார்டைப் பார்த்தார், பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அண்ணே, இது புது மாதிரி ரெக்கார்டு. நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துதான் சுத்தணும். உங்க பொட்டி எழுபத்தெட்டு சுத்துது.”

மீட்டர்காரரை நான் ஒரு பார்வை பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

கய்யூமின் கடையில் எல்லா வேகத்திலும் ஓடும் ரேடியோகிராம் இருந்தது. எல்லோரும் அங்கே போனோம். ஜெயபாலன் அதே ரெக்கார்டின் புதுப் பிரதி ஒன்றைப் பிரித்துச் சரியான வேகத்தில் வைத்தான். அப்போதுதான் நிலாப் பாட்டின் நிஜ ரூபம் தெரிந்தது. அப்பப்பா, அந்த நிலா கிளம்பவே இல்லை. இரண்டாவது பாட்டில் என் வீட்டுக்காரர் தலை தொங்கிவிட்டது. தொடையில் கிள்ளினேன். ‘ம், பிரமாதம்’ என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

ஜெயபாலன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். முள்ளைத் தூக்கி வைத்தான்.

“அண்ணே, உண்மையச் சொல்லுங்க.”

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷத்தில் அவர்களைப் பற்றி ஒரு குறை சொன்னவர் இல்லை. “எங்க வீட்டுப் பொட்டியில கேட்டதுதான் தம்பி நல்லா இருந்துச்சு” என்றார்.

ஜெயபாலன் தலையை ஆட்டினான். கடை மூலையில் இருந்த கிட்டாரை எடுத்து உறைக்குள் போட ஆரம்பித்தான். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உறையின் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டான். என் வீட்டுக்காரர் மாடு தொலைத்தவர் மாதிரி நின்றார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை, கோபம் வந்துவிட்டது.

“ஏன் தம்பி, வேகமா பாடுனா வாய் சுளுக்கிக்குமா?” என்றேன். “நாலு நாளா என் உசிர வாங்குன பாட்டு. ஒரு தடவ பாடிக் காட்டிட்டுப் போய்க் கோழி வள.”

கய்யூம் அக்கார்டியனை எடுத்துவிட்டார். நிலாப் பாட்டை எங்கள் வீட்டுப் பெட்டியில் ஓடிய அதே ஓட்டத்தில் வாசித்தார். கேட்டால் மலாய்க்காரர்களின் ஜோகெட் ஆட்டத்துக்கு வாசிப்பது போலவே இருந்தது. ஜெயபாலன் எரிச்சலில்தான் பாடினான். மூச்சு வாங்கியது, ஒரு அடியை விழுங்கிவிட்டு அடுத்ததைப் பிடித்தான். எதிர்க்கடைச் சீனத் தையல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். ரோட்டில் போன இரண்டு மலாய்ப் பெண்கள் நின்று தோளை அசைத்தார்கள். ஜெயபாலன் அதைப் பார்த்தான். கிட்டாரை உறையிலிருந்து எடுத்தான்.

அடுத்த மாதம் கிளேபாங்கில் ஒரு கல்யாணம். பகல் விருந்தில் ரிதம் பாய்ஸ் கச்சேரி. நாங்கள் போவதற்குள் பந்தல் நிறைந்து ஆட்கள் வெளியிலும் நின்றார்கள். இவர் எக்கி எக்கிப் பார்த்தார், முதுகுகள்தான் தெரிந்தன. பக்கத்தில் நின்ற ஒரு ஆள் இவரிடமே சொன்னார்: “நல்லாப் பாடுவாங்க லா. நான் ஆரம்பத்துலேர்ந்தே இவங்க ரசிகன்.”

இவர் மறுபடி எக்கிப் பார்த்தார். எனக்குத்தான் அந்த ஆள் காலை மிதிக்கலாம் போல இருந்தது.

முடிந்ததும் ஜெயபாலனைச் சுற்றிக் கூட்டம். இவர் ஒதுங்கிக் காத்திருந்தார். அவன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, “அண்ணே, எப்படி?” என்று கையை ஆட்டிக் கேட்டான். இவர் வாயைத் திறந்தார். அதற்குள் சுற்றி நின்ற பத்துப் பேர் பிரமாதம் என்றார்கள். யாரோ அவன் தோளில் கை போட்டுச் சாப்பாட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் பஸ்ஸுக்கு நடந்தோம். இவர் கையில் வெற்றிலைப் பை, பார்வை ரோட்டில். ஆசைப்பட்டதுதானே நடந்தது, அவன் கோழி வளர்க்கப் போகவில்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“எப்படிங்க இருந்துச்சு?” என்றேன்.

சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தார். நான் கேலி செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“முதல் பாட்டுல வேகம் பத்தல” என்று ஆரம்பித்தார். கஜா பெராங்கில் இறங்கும்போதுதான் மூன்றாவது பாட்டுக்கே வந்திருந்தார். வீடு வரைக்கும் மெதுவாக நடந்தேன்.