வேறு பெட்டியில் ஏறிய மேலாளர்

நான் வேலை பார்த்த பெரிய அரசு நிறுவனத்தில், புதிதாகப் பதவி உயர்வு பெற்ற மேலாளர்களுக்குத் தலைமைப் பயிற்சி தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கொரட்டூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஸ்லைடு ஸ்லைடாகச் செய்தேன். தொலைநோக்கு, குழு உணர்வு, ஊக்கம் என்று தலைப்புகள். நடுவே அம்புக்குறிகள், வட்டங்கள். பயிற்சி நிலையம் அம்பத்தூரில் எங்கள் பணிமனையை ஒட்டி இருந்தது. முதல் நாள் மதியத்துக்குள்ளேயே சிலர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

சாப்பாட்டு வேளையில் ஒருவர் தட்டோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பல வருடம் பணிமனையில் டெக்னீஷியனாக இருந்து, அண்மையில் அதே பிரிவுக்கு மேலாளர் ஆனவர். திருநின்றவூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருபவர்.

“மேடம், நீங்க சொல்றதெல்லாம் கரெக்ட்டு. ஆனா காலைல ட்ரெயின்ல அவனுங்க மூஞ்சிய எப்டி பாக்கறது? அத்த சொல்லுங்க.”

“யார் மூஞ்சிய?”

“எங்க செக்‌ஷன் ஆளுங்கதான். எல்லாம் ஒண்ணா வேலைக்கு சேந்தவனுங்க. ஒரே பொட்டில சீட்டாடிகினு வருவோம். இப்ப நான் ஏறுனா பேச்சு நின்னுபூடுது. அதான் வேற பொட்டில ஏறிகினு கீறேன்.”

அந்தக் கூட்டத்திலேயே அவருக்கு மிக நெருங்கிய நண்பர் அடிக்கடி தாமதமாக வந்திருக்கிறார். இவர் மெமோ கொடுத்திருக்கிறார். நண்பர் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். சொல்லும்போது சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அவர் கேட்டது என் ஸ்லைடுகள் எதிலும் இல்லை.

மதிய வகுப்பில் புரொஜெக்டரை அணைத்துவிட்டேன். “நீங்க எல்லாரும் யார்கிட்டயோ பேசணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுட்டு இருக்கற பேச்சு ஒண்ணு இருக்கும். அதை இங்க பேசிப் பாக்கலாமா?” என்று கேட்டேன். திருநின்றவூர்க்காரர்தான் எழுந்து வந்தார். அவரை நண்பராக நடிக்கச் சொன்னேன். மேலாளராக நடிக்க, கிடங்குப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணி முன்வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தார், கண்டிப்புக்குப் பேர் போனவர்.

“இந்த வாரமும் லேட். விதிப்படி மெமோ குடுத்திருக்கேன். வாங்கிக்கங்க” என்றார் அந்தப் பெண்மணி, நிஜமாகவே கடுமையாக.

நண்பராக நடித்த இவர் சிரித்தபடிதான் தொடங்கினார். “இன்னா மாமே, நேத்து வரைக்கும் ஒண்ணா டீ குடிச்சோம். இன்னிக்கு மெமோவா? ஏன்டா லேட்டுனு ஒரு வார்த்த கேட்டியா நீ?”

அதோடு நின்றுவிட்டார். சிரிப்பு போய்விட்டது. “அவன் இதான் மேடம் சொல்லுவான். நான் கேக்கவேயில்ல” என்றார். அந்தப் பெண்மணி தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை திருநின்றவூர்க்காரர் பழைய பெட்டியிலேயே ஏறியிருக்கிறார். சீட்டாட்டம் நின்றதாம். நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். திருமுல்லைவாயல் தாண்டும்வரை காத்திருந்து, “ஏன்டா லேட்டு?” என்று இவர் கேட்டிருக்கிறார்.

“இப்ப இன்னாத்துக்கு கேக்கற?” என்றாராம் நண்பர். அம்பத்தூரில் இறங்கி நடக்கும்போதுதான் சொல்லியிருக்கிறார்: மனைவியைக் கம்பெனியில் இரவு ஷிப்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், காலையில் அவர் வந்து சேரும்வரை சின்னப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வர முடியவில்லை.

கொடுத்த மெமோவைத் திரும்ப வாங்க விதியில் இடமில்லை. அவரால் முடிந்தது, நண்பரை மதிய ஷிப்டுக்கு மாற்றியதுதான். தாமதம் நின்றது. பேச்சு மட்டும் இன்னும் பழைய மாதிரி ஆகவில்லை என்று அவரே என்னிடம் சொன்னார். “பரவால்ல மேடம். இப்ப வணக்கம் வெக்கிறான்” என்றார். அந்த ‘வணக்கம்’ அவருக்குச் சந்தோஷமா வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை.

அதன் பிறகு பயிற்சியை முழுக்க மாற்றினேன். ஸ்லைடுகள் கொஞ்சமே மிஞ்சின. பேசிப் பார்ப்பதுதான் பாடம். வகுப்பு முடிந்து சில வாரங்கள் கழித்து எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு, பேசினீர்களா, என்ன ஆயிற்று என்று கேட்பதையும் சேர்த்தேன். தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி, “இது டிராமா மாதிரி இருக்கே, இதுல மேனேஜ்மென்ட் எங்க வருது?” என்று கேட்டார். நான் விளக்கினேன். அவர் பாதி மனதோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் கார் கிளம்பியதும் கிடங்குப் பெண்மணி வந்து என் அறைக் கதவைத் தட்டினார்.

“மேடம், எனக்கும் ஒரு பேச்சு பாக்கி இருக்கு. எனக்குக் கீழ உள்ளவங்ககிட்ட இல்ல. எனக்கு மேல இருக்கறவருகிட்ட. ஒரு அரை மணி நேரம் ஒக்காந்து எனக்குப் பழக்கி விடுவீங்களா?”

நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உக்காருங்க. அவர் எப்படிப் பேசுவார்னு முதல்ல சொல்லுங்க” என்றேன்.