இடப்பக்கத்துச் சிறு துளை

கொழும்புக்கு அருகே ஒரு விமானக் கொட்டகையில் எனக்கு வேலை. சிறிய விமானங்களுக்கு மின்னணுக் கருவிகள் பொருத்துகிறேன். அம்மா இன்னும் பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள்.

ஒரு முறை நான்கு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்று வந்தது. அதன் ஊசி மீட்டர்களைக் கழற்றிவிட்டு இரண்டு திரைகள் வைக்க வேண்டும். மூன்று வாரம் விமானியின் இருக்கையில் மல்லாந்து படுத்து, முகப்புப் பலகைக்கு அடியில் தலையை விட்டு வயர் இழுத்தேன். சாய்வை அறிய ஓர் உணரி, எஞ்சின் சூட்டுக்கு நாலைந்து, திசைக்கு இறக்கை நுனியில் ஒன்று. கடைசியாகக் காற்றழுத்தக் குழாய். அந்த விமானத்தில் அதற்கு இடப்பக்கம் ஒரே ஒரு துளை, குண்டூசித் தலை அளவு. அது அடைபட்டால் எவ்வளவு உயரம் ஏறினாலும் திரை தரையிலேயே நிற்பதாகக் காட்டும். வேகமும் தப்பாக வரும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து விமானத்தைக் கழுவினோம். தண்ணீர் போகாதிருக்க அந்தத் துளையில் டேப் ஒட்டினேன். கண்ணில் படும்படி சிவப்பு டேப்தான் ஒட்ட வேண்டும். அது தீர்ந்திருந்தது. மேசையில் கிடந்த கண்ணாடி டேப்பைக் கிழித்து ஒட்டினேன். பிறகு விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். மறுநாள் காலை பதுளை ரயில் பிடிக்க வேண்டும். ஞாயிறன்று அண்ணன் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கும் நாள்.

ரயிலில் உட்கார்ந்ததிலிருந்தே மனம் ஒரு நிலையில் இல்லை. எதையோ விட்டுவிட்டு வந்தது போலிருந்தது. பையைக் கிளறினேன். பர்ஸ் இருந்தது, பிள்ளைக்கு வாங்கிய பைபிள் இருந்தது. அறையைப் பூட்டினேனா? பூட்டினேன். அப்புத்தளையில் குளிர் ஏறியபோதும் அது போகவில்லை. அம்மாவின் லயத்து வீட்டுக்கு வந்தும் உட்காராமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

"ஏன்டி இப்பிடி அலையிற? ஒரு எடத்துல உக்காரு," என்றாள் அம்மா.

ஞாயிறு காலை, பூசைக்கு முன்பு, அம்மா பைபிளைப் பொதி செய்ய உட்கார்ந்தாள். பளபளப்புத் தாளை மடித்து மேலே கண்ணாடி டேப்பை ஒட்டினாள். விரலால் தேய்த்ததும் டேப் இருந்த இடமே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை துளையில் ஒட்டியது ஞாபகம் இருந்தது. எடுத்தது ஞாபகம் இல்லை.

மணி எட்டே கால். பத்து மணிக்கு அந்த விமானத்துக்குச் சோதனைப் பறப்பு.

லயத்தில் சிக்னல் கிடைக்காது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேயிலைக்கு நடுவே தண்ணீர்த் தொட்டிவரை ஏறினேன். பின்னாலேயே அம்மாவும் மூச்சு வாங்க வந்தாள். என்னோடு வேலை செய்யும் பண்டாரவளைக்காரர் ஒருவர் இருக்கிறார், முஸ்லிம். அண்ணன் முறைக்கு நானா என்றுதான் கூப்பிடுவேன். அன்று வேலை முறை அவருக்கு. இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார்.

"என்ன தங்கச்சி, காலையிலேயே?"

"நானா, பிளேன் போயிருச்சா?"

"இல்ல. எண்ணெ அடிக்கிறாங்க. பைலட் வந்துட்டாரு."

"எடப்பக்க ஓட்டையில டேப் ஒட்டுனேன். எடுத்தேனான்னு ஞாபகம் இல்ல நானா. வெள்ள பெயிண்டு மேல கண்ணாடி டேப்பு, பாத்தா தெரியாது. கைய வச்சுப் பாருங்க."

அவர் ஓடும் சத்தம் கேட்டது. அதோடு லைன் அறுந்தது. திரும்ப அடித்தேன், போகவில்லை. போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கீழே பூசைக்குக் கோயில் மணி அடித்தது.

கடைசியில் போன் வந்தது.

"இருந்திச்சு," என்றார் நானா. "எடுத்துட்டேன். நீங்க வந்து திருப்பிச் சரி பாக்குற வரைக்கும் பிளேன் போகாது," என்றார்.

அங்கேயே குந்திவிட்டேன். நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அதை ஓட்டுறவருக்குப் புள்ளைங்க இருக்கா?" என்றாள்.

"தெரியலம்மா."

மூன்று வாரம் அவருடைய இருக்கையில் கிடந்திருக்கிறேன். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பூசையில் பிள்ளை வெள்ளை உடுப்போடு நன்மை வாங்கியதைப் பார்த்தேன், ஆனால் மனதில் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனதும் நடந்ததை நானே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது என்றார்கள். விமானியிடமும் போய்ச் சொன்னேன். "பறக்குமுன் நானும் விமானத்தைச் சுற்றிவந்து பார்த்தேனே, எனக்கும் தெரியவில்லை," என்றார் சிங்களத்தில். பிறகு, "சோதனைப் பறப்புக்கு நீங்களும் வாருங்கள்," என்றார்.

முழுவதும் மறுபடி சரிபார்த்த பின் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சக்கரம் தரையை விட்டதும் திரையில் எண்கள் ஏறத் தொடங்கின. நூறு அடி, இருநூறு, ஐந்நூறு.

"கடல் தெரிகிறது, பாருங்கள்," என்றார்.

திரும்ப இறங்கும்வரை நான் அந்த எண்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.