சுடலியக்காவின் இரண்டு ஏக்கர்

இன்று தென்காசி பிரவுசிங் சென்டரில் எனக்கு முன்னால் நின்றவர் வடகரை சுடலியக்கா. களை எடுக்கப் போகிறவர், சொந்த நிலம் கிடையாது.

கொரோனா காலத்தில் அரசு விவசாயிகளுக்குத் தந்த நிவாரணம் இவருக்கும் வந்திருக்கிறது. அதற்காக யாரோ அப்போது கைரேகை வாங்கிப் போனாராம். இப்போது, நிலம் உள்ளவர் என்று சொல்லி விதவை பென்ஷனை நிறுத்திவிட்டார்கள்.

“ரெண்டு ஏக்கர் தோப்புன்னு காட்டுதுக்கா,” என்றார் கடைக்காரர்.

“எங்கன இருக்குன்னு சொல்லுய்யா. போயி நாலு தேங்காயாவது பெறக்கிட்டு வாரேன்.”

கடைக்காரர் சர்வே எண்ணை வாசித்தார். அது என் தோப்பு என்றேன்.

“நல்லதாப் போச்சு அண்ணாச்சி. நிலம் உங்களுதுன்னு எழுதிக் குடுத்தா அக்காவுக்குப் பென்ஷன் வந்திரும்.”

என் பெயரைச் சொன்னேன். திரையைப் பார்த்தவர், என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இதுல நீங்க கொரோனாவுல இறந்துட்டீங்க அண்ணாச்சி. அக்காதான் உங்க வாரிசு.”

நான் சிரித்தேன். சுடலியக்கா சிரிக்கவில்லை.

“கைரேகை வாங்குன அந்த ஆளு நேத்து திரும்ப வந்தான் அண்ணாச்சி. ஒரு பத்திரத்துல கைரேகை வச்சா பென்ஷனுக்கு அவன் பொறுப்புங்கான். நாளைக்கு வருவான். வைக்கவா, வேண்டாமா?”

வேண்டாம் என்றேன். “அப்போ பென்ஷனுக்கு யாரு பொறுப்பு?” என்றார்.

செத்தவன் பொறுப்பேற்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் நாளைக்குள் சொல்லுங்கள்.