தாமசிக்கப்படாது

எழுபதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஒரு கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தேன். தற்காலிக வேலை; எந்த மாதமும் போய்விடலாம். வீடு தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த கரமனையில்.

அன்று வந்தது ஒரு கார்டியன் வழக்கு. முப்பது வயது தாண்டியும் குழந்தை மனசாகவே இருந்த ஒருவருக்கு யார் பொறுப்பு என்று அவருடைய அண்ணனும் அக்காவும் வழக்காடினார்கள். அப்பா அவர் பேருக்கு எழுதிவைத்த வீட்டின் மேல் அண்ணனுக்குக் கண். திருநெல்வேலியிலிருந்து கூட்டிவந்து இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் அக்காதான். சாட்சி சொல்ல வேண்டியவர் என்பதால் அக்காவை வெளியே உட்காரவைத்திருந்தார்கள்.

நீதிபதி மலையாளி. தம்பியிடம் கனிவாகத்தான் கேட்டார்: "அக்காயுடெ கூடெ தாமசிக்கணோ?"

அக்காவோடு வசிக்க வேண்டுமா என்று அர்த்தம். தம்பிக்கு மலையாளம் தெரியாது. 'அக்கா', 'தாமசம்' என்றுதான் காதில் விழுந்திருக்கும்; நம் பேச்சில் தாமசம் என்றால் தாமதம். வாசலைப் பார்த்துப் பதறி எழுந்தார்.

"தாமசிக்கப்படாது! தாமசிக்கப்படாது!"

நேரமாகிறது, அக்கா காத்திருப்பாள் என்ற தவிப்பு அது. நீதிபதியோ, அக்காவோடு வசிக்க விருப்பமில்லை என்று இருமுறை சொன்னதாகப் பதிவு செய்யச் சொன்னார். அக்காவின் வக்கீலுக்கும் தமிழ் தெரியாது. புரிந்தவர்கள் இரண்டே பேர். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் டைப் அடித்தேன்.

வெளியே அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ தமிழ்ப் பொண்ணுதானே? உள்ளே என்னம்மா சொன்னான்?"

"சரியாக் கேக்கலை, மாமி" என்றேன்.

தீர்ப்பு அண்ணன் பக்கம் போனது. அவர் தம்பியை மனநோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டார். ஒரு வருஷம் கழித்து, தம்பி காய்ச்சலில் இறந்துவிட்டார் என்ற அறிக்கை என் மேஜைக்கே வந்தது.

அதன் நகல் வாங்க அக்கா வந்தபோது, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"என்னை வேண்டாம்னுட்டான்னு நெனச்சுண்டுதாம்மா, நான் அப்பீலுக்கே போகலை" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கோர்ட்டில் எழுந்து, "அவர் சொன்னது அதில்லை சார்" என்று சொல்லி வசவு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் நான் பேசியே ஆகவேண்டியிருந்த ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை அது எதுவும் மாற்றிவிடவில்லை.