மிஷேல் அண்ணன் கேட்ட உதை

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு அப்படித்தான் பழக்கம். புரியாத இடத்தில் புரியவில்லை என்றும் எழுதிவிடுவேன்... இதில் அப்படி நிறைய இடம் வரும்.

சூடான ரப்பர் நாற்றம். அதோடு எதிரே இருந்த பிஸ்கட் கம்பெனியின் வெண்ணிலா வாசனை. இரண்டும் சேர்ந்தால் எனக்குப் பாண்டிச்சேரியின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் பத்தாவது. அம்மாவுக்கு அந்த பிஸ்கட் கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் விடும்வரை மாமாவின் கார் ஷெட்டில் உட்கார்ந்து படிப்பேன். அம்மாவின் தம்பி அவர். பழைய பஸ் பிரேக் ஒன்றை வைத்துத் தானே ஒரு டைனோ கட்டியிருந்தார். காரை அதன் உருளைகள்மேல் ஏற்றி ஓட்டினால், எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்பது கம்ப்யூட்டரில் கோடாக வரும்.

அன்று உருளைமேல் நின்றது மிஷேல் அண்ணனின் கார். பாண்டிக்காரர்தான், பிரான்சிலிருந்து லீவில் வந்தவர்; மாமாவுக்கு அவர் 'மிசியே', பிரெஞ்சில் ஐயா. ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸ் பக்கம் ரேஸ். மாமாவின் கைக்கு வந்த முதல் ரேஸ் கார் அதுதான். மாமா வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைப் புதிதாகப் போட்டு, எஞ்சினின் குணத்தையே மாற்றி வைத்திருந்தார்.

அந்த எஞ்சினுக்கு இரண்டு விதமாக மூச்சுவிடத் தெரியும். மெதுவாகச் சுற்றும்போது வால்வுகள் கொஞ்சமாகத் திறக்கும். வேகம் ஏறியதும் அகலமாகத் திறக்கும். எந்த வேகத்தில் மாற வேண்டும் என்பதை மாமாதான் லேப்டாப்பில் கொடுக்க வேண்டும்.

சின்னத் திறப்பிலேயே ஒருமுறை ஓட்டினார்... நீலக் கோடு. பெரிய திறப்பில் ஒருமுறை... சிவப்புக் கோடு. இரண்டும் ஓரிடத்தில் வெட்டின.

"இங்க மாத்துனா ஆச்சு."

எனக்கு ஒரே குஷி. வகுப்பில் போடும் வரைபடக் கணக்கேதான்! வெட்டும் புள்ளிதான் விடை.

தொழிற்பேட்டையின் காலி ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனோம். மிஷேல் அண்ணன் ஓட்ட, மாமா பக்கத்தில். பின்சீட்டில் நான், மடியில் ஜாமெட்ரி பாக்ஸ். வண்டி வெண்ணெய் மாதிரி ஏறியது. பாக்ஸ் அசையவில்லை.

"இன்னாண்ணே இது? உதையே இல்ல! சப்புனு கீது."

"உதை இருக்கக் கூடாது மிசியே. அதான் கரெக்டு."

"என் ஃப்ரெண்டு வண்டிங்க அங்க முதுகுலயே உதைக்குது. இது செத்த வண்டி. உன்னால ஆவலன்னா சொல்லு, மெட்ராஸ்ல காட்டிக்கிறேன்."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. விடை சரியாக வந்தபின் ஏன் சண்டை? எனக்குப் புரியவில்லை.

மாமா லேப்டாப்பில் மாறும் புள்ளியை இன்னும் அதிக வேகத்துக்குத் தள்ளினார். இந்த முறை வண்டி நடுவில் கொஞ்சம் சோம்பி, பிறகு குபீரென்று பாய்ந்தது. பாக்ஸ் என் வயிற்றில் வந்து இடித்தது.

"வுவாலா! இதாண்ணே!"

ஷெட்டுக்குத் திரும்பி, மாமா அதையும் டைனோவில் ஓட்டிக் காட்டினார். மாறும் இடத்துக்கு முன்னால் கோட்டில் ஒரு பள்ளம்.

"இங்க எறங்கிட்டு அப்பறம் ஏறுது. அந்த ஏத்தத்ததான் நீ உதைன்ற. ரேஸ்ல பின்னாடி நிப்ப."

"நான் இன்னா கோட்டப் பாத்தா ஓட்டப் போறேன்? முதுகு சொல்லணும்ணே."

சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மாமா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். லேப்டாப்பில் புள்ளியைப் பழைய இடத்துக்கே, கோடுகள் வெட்டிய இடத்துக்கே கொண்டுவந்தார். அப்புறம் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மூடி எதற்கு? புரியவில்லை.

"கொஞ்சம் மாத்திருக்கேன், பாரு மிசியே."

மறுபடி அதே ரோடு. வேகம் ஏறியது, வால்வுகள் அகலமாகத் திறக்கும் இடம் வந்தது... மூடியில்லாத பெட்டி வழியாக எஞ்சின் ஓவென்று கர்ஜித்தது! காதுக்குள் கூசியது.

"உதைச்சிது பாத்தியா! முன்னாடி விட ஜாஸ்தி! இன்னா கணக்கு டீச்சரே, உதைச்சிதா இல்லியா?"

நான் மடியைப் பார்த்தேன். பாக்ஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. முன்சீட்டில் மாமாவின் கழுத்து விறைத்துப்போனது.

"சத்தம் பயங்கரமா வந்துச்சுண்ணா," என்றேன்.

மிஷேல் அண்ணன் சிரித்தார். மாமாவின் கழுத்து மெதுவாகத் தளர்ந்தது.

இப்போது நான் ஓட்டுவது பேட்டரி கார். சத்தமும் கிடையாது, உதையும் கிடையாது. எது எப்போது மாறுகிறது என்று முதுகுக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது. நல்ல வண்டிதான்... ஆனாலும் சிக்னல் விழுந்து கிளம்பும்போது, ஏதோ ஒன்று வர வேண்டியது வராத மாதிரி இருக்கும். மாமா அன்று செய்தது ஏமாற்றா, இல்லையா? மிஷேல் அண்ணனுக்கு நல்ல வண்டியைத்தானே கொடுத்தார்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ரேஸ் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அம்மாவுக்காக ஷெட்டில் காத்திருந்தேன். ஃபோன் வந்தது. வெளியே கேட்கும் அளவுக்குக் கத்தினார் மிஷேல் அண்ணன்.

"செகண்டு வந்துட்டேண்ணே! எல்லாம் அந்த உதைதான்!"

மாமா, மேஜைமேல் கிடந்த மூடியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"ஆமா மிசியே. உதைதான்."

ஃபோனை வைத்துவிட்டு, ஷெட் விளக்குகளை அணைத்தார்.