தேதி சொல்லாத ரத்தம்

"ஐப்பசி 9, சனி. காலையில் சாரல். ரத்தம் கொடுத்தேன். வயிற்றுக் கிருமிக்கான எதிர்ப்பொருள் உண்டு என்று மாலையில் சொன்னார்கள்."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

கோவையிலிருக்கும் மகள் போனில் வற்புறுத்தியதால் போனேன். அவளுடைய அம்மா இறந்தது வயிற்றுப் புற்றில். வருடக்கணக்கில் வயிற்றில் தங்கும் ஒரு கிருமியும் அதற்குக் காரணமாகலாம், ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குள் அது பரவும் என்று அங்கே ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். "நீங்களும் ஒரு தடவ பாத்துருங்கப்பா" என்றாள்.

போடியில் பரிசோதனைக் கூடத்துப் பெண் காகிதத்தை நீட்டினாள்.

"பாசிட்டிவ்னு இருக்குன்னு பயந்துராதீக அப்பு. கிருமி இப்ப இருக்குன்னு அர்த்தமில்ல. முன்னாடி வந்துட்டுப் போயிருந்தாலும் ரத்தத்துல காட்டும்."

"முன்னாடின்னா எப்பம்மா?"

"அது தெரியாது."

"எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னாவது?"

சிரித்துவிட்டாள். "நல்லாக் கேட்டீக போங்க. தேதி போட்டுக் குடுக்க இது என்ன பத்திரமா? டாக்டர்ட்ட காட்டுங்க. இப்ப இருக்கான்னு பாக்க வேற டெஸ்டு எழுதுவாரு."

எழுதினார். மலப் பரிசோதனை. அதில் கிருமி இல்லை என்று வந்தது.

மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்த காலம் முழுக்க நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன். மழை எவ்வளவு, எந்த வரிசையில் காய் எடுத்தோம், ஜீப்பு எத்தனை மணிக்கு வந்தது, எல்லாம் இருக்கும். கிருமி எப்போது வந்து போனது என்று தேட, பெட்டியை இறக்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். வீட்டில் வேறு சோலியும் இல்லை, பேச ஆளும் இல்லை. ஐந்தாம் நாள் கிடைத்தது. வயிற்றெரிச்சலுக்காக போடி டாக்டர் எனக்குப் பதினான்கு நாள் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்திருக்கிறார். காலை மாலை, ஒரு வேளை தவறாமல் கோடு போட்டிருக்கிறேன். கிருமி அதில்தான் போயிருக்க வேண்டும்.

என் மனைவிக்கும் அந்த வருடம் வயிறு எரிந்தது. அதை நான் எழுதவில்லை. ஆனால் நினைவிருக்கிறது. மலையில் வயிறு எரிந்தால் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. காய் உலர்த்தும் ஸ்டோரில் கழித்துப் போட்டதில் நாலைந்தை எடுத்து மெல்லுவார்கள். அவளும் மென்றாள். "நீங்க மாத்திரைய முழுங்குங்க, நான் காய மெல்லுறேன். எனக்கு வாயாவது மணக்கும்" என்றாள். நானும் சிரித்தேன். கீழே இறங்கும் ஜீப்பில் அவளையும் ஏற்றிக் கூட்டிப் போகத் தோன்றவில்லை.

நான் சாப்பிட்டு எழுந்த தட்டில்தான் அவள் சோறு போட்டுக்கொள்வாள். சிலமலையில் அவள் பிறந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். கழுவிவிட்டுச் சாப்பிடேன் என்று ஒருமுறை சொன்னேன்.

"ஆமா, எம் புருசன் எச்சி எனக்கு வெசமாக்கும்."

இந்தக் கிருமியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பெரும்பாலோருக்குச் சிறு வயதிலேயே தொற்றிவிடுமாம். அப்படியானால் அவள் சிலமலையிலிருந்தே கொண்டுவந்திருக்கலாம். புருசன் பெண்சாதிக்குள்ளும் பரவலாமாம். அந்த வரியை மூடி வைத்துவிட்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை. அவளுக்குக் கிருமியே இருந்ததில்லை என்று ஒரு காகிதம் சொன்னால் போதும்.

உண்டா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரு காகிதம் இருந்தது. மதுரையில் அவள் வயிற்றிலிருந்து சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். கிருமி தென்பட்டதா இல்லையா என்று அந்த அறிக்கையில் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள் என்கிறார் டாக்டர். ஆனால் கருமாதிக்கு மறுநாள் சொந்தக்காரப் பெண்கள் அவளுடைய பாய், துணிகளோடு ஆஸ்பத்திரி ஃபைலையும் சேர்த்துக் கட்டினார்கள். "ஆஸ்பத்திரிச் சாமான் வீட்டுல கெடக்கக்கூடாதுண்ணே, வெரசாக் குடுங்க." நானே எடுத்துக் கொடுத்தேன். மூட்டை கொட்டகுடி ஆற்றில் போயிற்று. பஸ் டிக்கெட்டைக்கூடப் பத்திரப்படுத்துகிறவன், அதை ஒருமுறைகூட முழுதாகப் படித்திருக்கவில்லை.

மதுரைக்கு இரண்டு கடிதம் எழுதினேன். ரயிலேறி நேரிலும் போனேன். பழைய பதிவுகள் வேறு கட்டடத்தில் இருக்கின்றன, தேடிவிட்டு எழுதுகிறோம் என்றார்கள். கார்த்திகை பிறந்துவிட்டது, பதில் இல்லை. அவள் ரத்தத்தை இந்தக் கிருமிக்காக யாரும் பரிசோதித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அது இருந்ததா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.